கணப்பு வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

கோத்தகிரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்குக் கடந்த மார்கழியில் போயிருந்தேன். கூடத்தில் கால் வைத்ததுமே மீன் கவிச்சி அடித்தது. சமையலில் மீனா என்று கேட்டேன். "இந்த வீட்டில் மீனே வாங்குவதில்லை தம்பி. மூன்று நாளாக இந்த வாடைதான், எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை" என்றார்.

சுவரில் அவருடைய மகன் வாங்கி அனுப்பிய மின் கணப்பு, அதாவது தீ எரிவதுபோலக் காட்டி அறையைச் சூடாக்கும் கருவி, அழகாக எரிந்துகொண்டிருந்தது. நான் நேராகப் போய் அதன் பிளக்கைத் தொட்டேன். விரல் வைக்க முடியவில்லை. மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்கினால் ஒரு பின் கருத்திருக்கிறது. சாக்கெட்டின் துளை பழுப்பேறி, ஓரம் இளகிப்போயிருக்கிறது. பிளக்கும் சாக்கெட்டும் செய்யும் பொருள் அளவுக்கு மீறிச் சூடேறினால் பல நேரம் மீன் வாடைதான் அடிக்கும். சமைக்காத வீட்டில் அந்த வாடை வந்தால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். ஜன்னலைத் திறப்பதெல்லாம் அப்புறம்.

நடந்தது இதுதான். கணப்பு 2000 வாட். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதோடு வந்தது 16 ஆம்பியர் பெரிய பிளக். கூடத்தில் இருந்ததோ டி.வி.க்கான 6 ஆம்பியர் சாக்கெட். நடுவில் ஒரு கன்வர்ட்டரைச் செருகி இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். சுவருக்குள் ஓடிய ஒயர் விளக்குக்குப் போட்ட 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். அதன் உறை தொட்டதும் பொரபொரவென்று உதிர்ந்தது. அந்த அம்மா இரவு பத்து மணி வரை கணப்பின் முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நீலகிரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். கணப்பு வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த பாயின்ட்டில் மாட்டப் போகிறீர்கள்?" என்பதைத்தான். மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் பாயின்ட், அதற்கென்று தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), வீடு முழுமைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்ச்). இவை இருந்தால் கடைக்குப் போகலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எர்த்தையும் சோதித்துவிடுங்கள். ஆண்டில் பாதி நாள் பனிமூட்டமும் சுவரில் ஈரமும் இருக்கும் ஊர் நம்முடையது. மின்கசிவுக்கு இங்கே வாய்ப்பு அதிகம். கீசர் 2000 வாட், கெட்டில் 1500 வாட், கணப்பு 2000 வாட் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 24 ஆம்பியர் ஆகிவிடும். உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளு அதைத் தாங்குமா என்று மின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கடையில் போய் நின்றால் கண் தீயின் மேல்தான் போகும். அந்தத் தீ வெறும் எல்.இ.டி. வெளிச்சம், சில வாட் மின்சாரம்தான் அதற்கு. சூடு வருவது உள்ளே இருக்கும் காயிலிலிருந்து; அதை ஊதித் தள்ளுவது விசிறி. 1500 வாட் கணப்பு மூவாயிரம் ரூபாய் சாதாரண ஹீட்டரானாலும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கணப்பானாலும் தரும் சூடு ஒன்றே. மீதிப் பணம் அழகுக்கு. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊட்டிக்கு அருகே தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாளில், கரியும் புகையும் இல்லாமல் வீட்டுக்குள் ஒரு தீ தெரிவது மனதுக்கு இதம்தான். ஆனால் விலை கூடினால் சூடும் கூடும் என்று எண்ணி வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, சூட்டை வேண்டிய அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட், சூடு மிஞ்சினால் தானே அணையும் கட்-ஆஃப் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

அறைக்குச் சதுர அடிக்குப் பத்து வாட் என்று கணக்கிடலாம். 150 சதுர அடி அறைக்கு 1500 வாட். இது பத்தடி உயரக் கூரைக்குச் சரி. பழைய பங்களாக்களின் பதினான்கு அடிக் கூடத்தில் சூடான காற்று மேலே ஏறிவிடும், கீழே கால் விறைக்கும். அங்கே கணப்பை விட, எதிரே உட்காருபவர் மேல் நேராக வெப்பம் வீசும் ஹீட்டரே மேல். வோல்டேஜையும் பாருங்கள். சாயங்காலத்தில் 180 வோல்ட்டுக்கு இறங்கும் கிராமங்கள் உண்டு. அப்போது 2000 வாட் கணப்பு சுமார் 1200 வாட் சூடுதான் தரும். கணப்பில் பழுது என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பலருக்கு இதுதான் காரணம். 1500 வாட்டில் தினம் நான்கு மணி நேரம் ஓடினால் 6 யூனிட். இரண்டு மாதப் பில்லில் 360 யூனிட் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளின் கட்டணமும் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பழைய கணப்பு மாடத்துக்குள்ளேயே புதியதை வைக்க விரும்புகிறவர்கள் புகைபோக்கியை மேலிருந்து மூடச் செய்யுங்கள். திறந்திருந்தால் சூடெல்லாம் அதன் வழியே வானத்துக்குப் போகும். மழைத் தண்ணீரும் கரித்தூளும் பறவைக் கூட்டுக் குப்பையும் கருவியின் மேல் விழும்.

இனி, எனக்கு மிகவும் பயமான விஷயம். பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932 முதல் மின்சாரம் எடுக்கும் மலை இது. ஆனாலும் ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் இரவு முழுக்க இருட்டுதான். வீட்டு இன்வெர்ட்டர் கணப்பைத் தாங்காது. குளிர் பொறுக்காமல் அடுப்புக்கரியைச் சட்டியில் போட்டு அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திப் படுக்கிறார்கள். விடியும்போது எழுந்திருக்காதவர்களைப் பற்றிய செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான் தெரியும். ஆகவே கணப்பு வாங்கும் அன்றே கூடுதலாக இரண்டு கம்பளியும் வெந்நீர்ப் பையும் வாங்கி வையுங்கள். விடுதி நடத்துகிறவர்கள் ஒவ்வோர் அறையிலும் வையுங்கள். கரிச்சட்டியை எந்த விருந்தாளி கேட்டாலும் அறைக்குள் கொடுக்காதீர்கள்.

கூடலூர்ப் பக்கம் ஆடியிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசியிலும் துணி காயாது. கணப்பின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்வெட்டரைக் காயவைப்பது வீட்டுக்கு வீடு நடக்கிறது. துணி காற்று வழியை அடைத்தால் உள்ளே காயில் கொதிக்கும்; துணி நழுவி அதன் மேலேயே விழவும் கூடும். முன்னால் மூன்றடி எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும்.

கோத்தகிரி அம்மா வீட்டில் புது லைன் இழுத்து, கணப்பைச் சிறிய படிப்பறைக்கு மாற்றிக் கொடுத்தேன். பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்றார். வேலை முடிந்து நான் சாமான்களைக் கட்டும்போது அவர் அளவு நாடாவைக் கேட்டு வாங்கினார். கணப்பிலிருந்து மூன்றடி அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, "இதைப் பெயின்டிலேயே போட்டுவிட முடியுமா தம்பி?" என்று கேட்டார்.