உரிமை: ‘திருமண உரிமை’ யாருக்கு?

கோலாலம்பூர் இளையவர்கள் பேச்சில் ‘உரிமை’ என்ற சொல் அதிகம் வராது. ‘அது என் ரைட்ஸ்’ என்பார்கள். மலாயில் ‘ஹக்’, அரபிலிருந்து வந்தது. வீட்டுப் பெரியவர்கள் வாயில் மட்டும் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘அக்கா பொண்ணு, மாமனுக்குத்தான் உரிமை.’

உரி என்பது அடிச்சொல். உரியது, உரியவர், உரித்து எல்லாம் இதன் உறவு. சொந்தமாதல் என்பதே கரு. பழைய வழக்கில் உரிமைக்கு மனைவி என்றும் ஒரு பொருள் உண்டு. பெண்ணே அங்கே உடைமை. மாமன் பேச்சில் ஒலிப்பது அதுதான்.

இந்த மாமன் மலேசியச் சட்டத்திலும் இருக்கிறார். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 11ஆம் பிரிவு நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுக்கிறது. ஆனால் இந்து வழக்கப்படி சகோதரி மகளை மணக்க விலக்கு தருகிறது. நம்ம ஆட்களுக்காகவே எழுதியது மாதிரி! ஆனாலும் அது வெறும் அனுமதி. இருவரும் மனமொப்பிச் சம்மதித்தால்தான் பதிவதிகாரி மணம் முடித்து வைக்கலாம் என்கிறது 22ஆம் பிரிவு. பெண் ‘வேண்டாம்’ என்றால் மாமன் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுப் போக வேண்டியதுதான்.

சரி, அரசியலமைப்பு என்ன சொல்கிறது? மலேசிய அரசியலமைப்பில் ‘அடிப்படைச் சுதந்திரங்கள்’ 5 முதல் 13 வரையிலான பிரிவுகளில் வருகின்றன. திருமணத்துக்கென்று தனிப் பிரிவு அங்கே இல்லை. ஒன்பதாம் அட்டவணையில், சட்டம் இயற்றுவதற்கான விஷயங்களில் ஒன்றாக இருக்கிறது. இந்தியாவில் 2018ல் ஹாதியா வழக்கில், விரும்பியவரை மணப்பது அந்நாட்டு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். 2023ல் தன்பாலினத் திருமண வழக்கில், நிபந்தனையற்ற அடிப்படைத் திருமண உரிமை இல்லை என்றது. முதலாவதில் கேள்வி, வயதுவந்த ஒருத்தியின் முடிவில் மற்றவர்கள் தலையிடலாமா என்பது. இரண்டாவதில், எந்த உறவை அரசு திருமணமாக ஏற்க வேண்டும் என்பது. ‘திருமண உரிமை’ என்று எழுதினால் இவை இரண்டோடு மாமனும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அதனால் சட்டப் பொருளில் ‘மணம்புரியும் உரிமை’ என்று எழுதலாம். உரிமை மணப்பவருடையது என்பது அதிலேயே தெரியும். சாய்ஸுக்குத் ‘தெரிவு’ போதும். ‘தேர்வு’ என்றால் இங்கே எஸ்.பி.எம். பள்ளிப் பரீட்சை நினைவுதான் வரும். மாமன் கேட்பதற்கு ‘முறை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது: முறைமாமன், முறைப்பெண்.