திறமூல வன்பொருள்: இதில் ‘மூலம்’ எது?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ‘ஹார்ட்வேர்’ என்று கேட்டால் ஒரு கடையில் ஆணியும் கீலும் எடுத்து வைப்பார்கள், இன்னொன்றில் அர்டுயினோ என்கிற மின்னணுப் பலகை. இரண்டும் சரிதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் இரும்புச் சாமான்களைக் குறித்தது. கணினி வந்தபின் பொருள் விரிந்தது. தமிழில் மென்பொருளுக்கு இணையாக வன்பொருள் என்று நிலைத்துவிட்டது.

‘ஓப்பன் சோர்ஸ்’ 1998இல் மென்பொருளுக்காகப் பிறந்த தொடர். திறந்த மூலம் என்பது சுருங்கித் திறமூலம் ஆனது. ‘கட்டற்ற’ என்றும் எழுதுகிறார்கள்; அது பயன்படுத்துபவரின் உரிமையைச் சொல்லும் சொல். யாரும் செய்யவும் திருத்தவும் வரைபடங்களைத் திறந்து தரும் வன்பொருளுக்குத் திறமூலமே பொருத்தம். ஏனென்றால் சிக்கல் முழுவதும் ‘மூலம்’ என்பதில்தான் இருக்கிறது.

நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்பார், நகலைப் பார்த்துத் திருப்தி அடைய மாட்டார். பலகைக்கும் அப்படியே கேட்க வேண்டும். சர்க்யூட்டின் பிடிஎஃப் பார்க்கத்தான் உதவும். ஆலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்பை வைத்து அதே பலகையை அச்சடிக்கலாம், திருத்துவது பெரும்பாடு. திருத்த ஏற்ற வடிவிலேயே கோப்பைத் தர வேண்டும் என்கிறது 2011இல் வந்த திறமூல வன்பொருள் வரையறை. பலகை வரைய உதவும் கிகேட் மென்பொருளில் வரைந்தது என்றால் கிகேட் கோப்புகளே மூலம். அவற்றோடு, முழுப் பாக எண்களுடன் பட்டியலும் வேண்டும்.

அர்டுயினோவின் வரைபடங்கள் திறந்திருப்பதால்தான் அதே பலகையைப் பலர் செய்து விற்கிறார்கள். பெயர் வணிகக்குறி என்பதால் அதை மட்டும் போடக் கூடாது. ஆனால் வன்பொருள் மென்பொருளைப் போல அல்ல. நிரலைப் படியெடுக்கச் செலவில்லை. பலகையில் ஒரு தவறு இருந்தால் மறுபடி அச்சு, மறுபடி பாகம், மறுபடி காத்திருப்பு.

பாகப் பட்டியலில் ‘3.3 வோல்ட் ரெகுலேட்டர்’ (மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாகத் தரும் பாகம்) என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பெரும்பாலும் ஏஎம்எஸ்1117 கிடைக்கும். அதற்கு உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே தருவதைவிட ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக வேண்டும். 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியில் வெளியே வருவது 2.6 வோல்ட்தான், பலகையில் உள்ள இஎஸ்பி32 என்கிற வைஃபை மாட்யூலுக்குக் குறைந்தது 3.0 வேண்டும். வைஃபை தொடங்கியதும் பலகை ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும், பழி நிரல்மேல் விழும். வடிவமைத்தவர் மனதில் இருந்தது ஏபி2112கே போல 0.25 வோல்ட் இடைவெளியே போதும் என்கிற பாகம். அதன் உறையும் சிறியது, 5 கால்கள். பலகையின் பேடுகள், அதாவது கால்களைப் பற்றவைக்கும் இடங்கள், ஒன்றுக்கு அமைந்திருந்தால் மற்றது உட்காராது.

கிகேட் கோப்பு இருந்தால் ஃபுட்பிரின்ட்டை (பாகம் உட்காரும் பேடுகளின் அமைப்பு) மாற்றி, தடங்களைத் திருத்தி, பிழை பார்க்கும் டிஆர்சி சோதனையை ஓட்டிப் புதுக் கெர்பர் எடுத்துவிடலாம். கெர்பர் மட்டும் கிடைத்தவர் பலகையை முதலிலிருந்து வரைய வேண்டும்.