தூரி தானாக எப்படி உயரப் போகிறது?

பாலக்காட்டுக் கோட்டைக்குப் பக்கத்துப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊஞ்சலுக்கு வரிசை நிற்கும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி வரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டையும் வேண்டாம், அகழியும் வேண்டாம், தூரி போதும். எங்கள் பக்கத்தில் ஊஞ்சலைத் தூரி என்றுதான் சொல்வோம். ஆடி நோன்புக்குத் தூரி, அடுத்தாற்போல் ஓணத்துக்கு ஊஞ்ஞால். எல்லையில் பிறந்ததில் இப்படி ஒரு லாபம்.

வரிசையில் நிற்கும்போது அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, அந்த அக்காவ ஆருமே தள்ளல. அப்புறம் எப்படி அவ்வளவு உசரம் போறா?"

நியாயமான கேள்வி. கால் தரையில் படவில்லை, உதைத்துக் கிளம்ப ஒரு சுவரும் இல்லை. உயரம் எங்கிருந்து வருகிறது?

பதிலுக்கு முன்னால் ஒரு வேலை கொடுத்தேன். ஃபோனில் நேரம் பார்த்து, தூரி போய்த் திரும்புவதை 10 தடவை எண்ணச் சொன்னேன். அவள் ஆடியபோது 28 செகண்ட். அடுத்து என் மச்சானை உட்கார வைத்தோம். ஆள் 90 கிலோ. நல்ல வேளை, காவலாளி பார்க்கவில்லை. அவருக்கு 27 செகண்ட். பாரம் மூன்று நான்கு மடங்கு கூடியும் நேரம் ஏறவில்லை. அந்த ஒரு செகண்ட் குறைந்ததற்குக் காரணம் எடை அல்ல. உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களின் உடல் பாரம் மையம் கொள்ளும் இடம் பலகையிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கும். அதாவது ஊசலின் நீளம் சற்றுக் குறைகிறது.

நீளம்தான் எல்லாம். மேல் கம்பியிலிருந்து பாரத்தின் மையம் வரை 2 மீட்டர் இருந்தால் ஒரு ஆட்டத்துக்கு 2.8 செகண்ட். நீளத்தை நான்கு மடங்காக்கினால்தான் நேரம் இரண்டு மடங்காகும். உயரமாக ஆடினாலும் நேரம் பெரிதாக மாறாது. இரண்டு பக்கமும் 60 டிகிரி வரை வீசி ஆடினால் 28 செகண்ட் 30 ஆகும், அவ்வளவுதான். ஊசலின் இந்தக் குணத்தைக் கலிலியோ ஆராய்ந்தார். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் அதை வைத்து 1656-இல் கடிகாரமே செய்தார்.

தூரிக்கென்று ஒரு தாளம் இருப்பதால்தான் தள்ளுவதற்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னால் வந்து ஒரு கணம் நின்று முன்னே திரும்பும்போது இரண்டு விரலால் தள்ளினாலும் போதும், ஒவ்வொரு தள்ளலும் முந்தியதோடு சேரும். அவசரப்பட்டு, வந்துகொண்டிருக்கும்போதே தள்ளுகிற அப்பாக்களைப் பூங்காவில் நிறையப் பார்க்கலாம். அவர்கள் தள்ளுவதாக நினைத்துப் பிரேக் போடுகிறார்கள், மணிக்கட்டும் வலிக்கும்.

சரி, தள்ள ஆளில்லாத அந்த அக்காவுக்கு வருவோம். முன்னே போகும்போது சங்கிலியைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்துக் காலை நீட்டுகிறாள். திரும்பும்போது நிமிர்ந்து காலை மடக்குகிறாள். தோணியில் நின்று ஒரு அடி முன்னால் வைத்தால் தோணி பின்னால் நகர்கிறது அல்லவா? இங்கே நகர்வதற்குப் பதில் சுழற்சி. அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சுழலும்போது, சங்கிலி, பலகை, அவள் எல்லாம் சேர்ந்த மொத்தத் தூரியும் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பியாக வேண்டும். அந்தக் கொஞ்சம் ஒவ்வொரு ஆட்டத்திலும் சேர்ந்துகொண்டே போகிறது. அசையாமல் தொங்கும் தூரியைக்கூட இப்படிக் கிளப்பிவிடலாம்.

பெரிய பிள்ளைகள் நின்றுகொண்டு ஆடுவார்களே, அது வேறு வித்தை. இரண்டு ஓரத்திலும் குந்தி, நடுவில் வரும்போது எழுந்து நிற்பார்கள். 60 டிகிரி உயரத்திலிருந்து இறங்கினால் அடியில் பலகையை அழுத்தும் பாரம் உடல் எடையைப் போல இரண்டு மடங்கு. ஓரத்திலோ பாதிதான். இரண்டு மடங்கு பாரமாக இருக்கும்போது எழுந்து நிற்பதற்குத் தொடை நிறைய வேலை செய்ய வேண்டும். பாதி பாரத்தில் குந்தும்போது அதில் கொஞ்சம்தான் திரும்பக் கிடைக்கும். மீதி எங்கே போனது? தூரிக்குள் போனது. உயரத்துக்கு மூலதனம் அதுதான். காலையில் தின்ற இட்லி என்றும் சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசையாத தூரியில் நேராக நின்றபடி நூறு தடவை குந்தி எழுந்தாலும் அது நகராது. கொஞ்சமாவது ஆட்டம் இருந்தால்தான் நின்று ஆடும் வித்தை பலிக்கும், ஆட்டம் கூடக் கூட லாபமும் கூடும். உட்கார்ந்து ஆடுவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சீட்டு. நின்று ஆடுவது கூட்டு வட்டி. வட்டியைப் போலவே ஆபத்தும் உண்டு. பூங்காக்களில் நின்று ஆட விடமாட்டார்கள், அது சரிதான்.

"அப்படியே சுத்தி மேல போயிடலாமா?" என்றாள். சங்கிலியில் முடியாது. 90 டிகிரியைத் தாண்டினால் ஏதோ ஒரு இடத்தில் சங்கிலி தொய்ந்து, ஆள் கல் மாதிரி விழுந்து, அப்புறம் வெடுக்கென்று இழுக்கும். எஸ்தோனியாவில் இதற்காகவே சங்கிலியை விட்டு இரும்புக் கம்பியில் தூரி கட்டி, பாதத்தைப் பலகையோடு பிணைத்துக்கொண்டு, நின்று ஆடியே முழு வட்டம் சுற்றுகிறார்கள். கீக்கிங் என்று பெயர், போட்டியும் உண்டு. 7 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கம்பியிலும் சுற்றியிருக்கிறார்கள். இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம் என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது.

ஓணத்துக்கு வீட்டு மாமரத்தில் 6 மீட்டர் கயிறு போடுவதாகப் பேச்சு. 10 ஆட்டத்துக்கு 49 செகண்ட் ஆகும் என்று இப்போதே சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஃபோனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்று அவளும் சொல்லிவிட்டாள்.