மாமூல்

மாமூல் அரபிலிருந்து வந்த சொல். 'அமல்' என்றால் அங்கே செயல். அதே வேரில் பிறந்த 'மாமூல்' என்றால் நடைமுறையில் இருப்பது, வழக்கம். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. சட்டம் 'அமலுக்கு வந்தது' என்கிறோமே, அதுவும் இந்த வேர்தான். ஆக, அமலாக்கத் துறையும் மாமூலும் சொல்லளவில் பங்காளிகள்.

மலையாளத்தில் இன்றும் மாமூல் என்றால் சம்பிரதாயம். நம் நாளிதழ்களும் மழை ஓய்ந்தபின் 'மாமூல் வாழ்க்கை திரும்பியது' என்று எழுதுவதுண்டு. ஆனால் சென்னையில் "மாமூல் போயிடுச்சா?" என்று ஒருவர் கேட்டால் கதையே வேறு. லஞ்சத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மாமூலைக் கேட்க வேண்டியதில்லை. தேதி வந்தால் கவர் தானாகப் போய்விடும்.

அம்பத்தூரில் ஒரு சின்ன ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் பிறந்தால் ஒரு வவுச்சர் வரும். "என்னன்னு சார் எழுதறது?" என்றேன். "இதர செலவுன்னு போடுப்பா, மாமூல்தானே" என்றார் மேனேஜர். லஞ்சம் என்று சொல்லியிருந்தால் கை கூசியிருக்கும். மாமூல் என்றதால் கரண்ட் பில் மாதிரி எழுதிவிட்டேன்.

பெரிய இடத்திலும் பெயரை மாற்றுவதுதான் வேலை. சென்னை வளாகத்தின் திட்ட அனுமதிக்காக 20 லட்சம் டாலர் லஞ்சத்துக்கு ஒப்புதல் தந்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் சொன்ன புகாரை, 2019 இல் மென்பொருள் நிறுவனமான காக்னிசன்ட் ஏற்காமலும் மறுக்காமலும் சுமார் 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அந்தப் பணத்தைக் கட்டுமான ஒப்பந்ததாரரின் கூடுதல் வேலைக் கணக்கில் மறைத்தார்கள் என்பதும் புகாரில் உண்டு.

'ஊர் வழக்கம் சார்' என்ற சமாதானத்தை பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் நேராகவே தொடுகிறது: அந்த நாட்டின் எழுத்திலுள்ள சட்டம் அனுமதித்தால் தவிர, உள்ளூர் வழக்கத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வழக்கம் என்பதற்கு அரபில் என்ன சொல் என்று மேலே பார்த்தோம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வழக்கம் என்ற பொருளில் வழமை, இயல்பு. 'இயல்பு வாழ்க்கை' ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. பணத்துக்குக் கையூட்டு. லஞ்சமும் தமிழ் இல்லை, வடசொல்தான். ஆனால் கையூட்டில் அந்த மாதாமாத வாடை இல்லை. 'வழக்கக் கையூட்டு' என்றால் கொஞ்சம் கிட்டே வரும்.

பழந்தமிழில் இன்னொரு கை உண்டு: கையுறை. இன்று குளிருக்கு மாட்டுவது. அன்று காரியம் ஆக வேண்டியவர் கொண்டுவரும் பரிசு. குறுந்தொகையின் முதல் பாட்டில் தலைவன் கொண்டுவந்ததை, 'எங்கள் மலையிலேயே காந்தள் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது' என்று தோழி திருப்பி அனுப்புகிறாள். அதற்குக் 'கையுறை மறுத்தல்' என்று தனிப் பெயரே இருக்கிறது.