பழைய சட்டப் புத்தகம்: தாளை எண்ணிய பிறகு விலை பேசுங்கள்

கவிதை நூலின் பழைய பதிப்பை யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. பழைய ஆங்கிலச் சட்டப் புத்தகத்தின் விதி வேறு. சட்டம் திருத்தப்பட்டதும் பழைய பதிப்பு வக்கீலின் அலமாரியில் இடத்தை அடைக்கும் சுமையாகிவிடும். அதனால் இன்று கைக்கு வருபவை பெரும்பாலும் நன்றாகப் புழங்கித் தேய்ந்தவை, அல்லது நூலகங்கள் கழித்தவை. இரண்டிலும் தாள் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். தோல் பைண்டிங்கின் பளபளப்பைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பக்க எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கையால் அச்சுக் கோத்த காலத்தில் பக்க எண் பிழைகள் சர்வசாதாரணம். 212க்கு அடுத்து 215 வந்தாலும் புத்தகம் முழுமையாக இருக்கலாம். பக்கத்தின் அடியில் உள்ள மடிப்புக் குறியைப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்புக் கட்டுக்கும், அதாவது சேர்த்து மடித்துத் தைத்த தாள்களின் தொகுதிக்கும், ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஆனால் அந்த வரிசையில் 23 எழுத்துகளே உண்டு: ஐ, ஜே இரண்டில் ஒன்று, யு, வி இரண்டில் ஒன்று, டபிள்யூ கிடையாது. ஆகவே அவை இல்லையென்று பதற வேண்டாம். பெரிய அச்சுத்தாளை மூன்று முறை மடித்த ஆக்டேவோ அளவில் ஒரு கட்டுக்கு 8 தாள், 16 பக்கம். முகப்பு (தலைப்புப் பக்கம்), முன்னுரைக்கு ஏ ஒதுக்கப்பட்டு நூல் பியில் தொடங்குவது வழக்கம். பி முதல் இசட் வரை 22 கட்டுகள். 176 தாள், 352 பக்கம். எண்ணிக்கை இடித்தால் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்து, பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் தனியாக அச்சான சொல்லைப் படியுங்கள். அடுத்த பக்கத்தின் முதல் சொல் அதுதான். இரண்டும் ஒத்துப்போகாமல் வாக்கியமும் அறுந்தால் தாள் போய்விட்டது.

ஒரு தாள் வெட்டப்பட்டு, எஞ்சிய ஒட்டு விளிம்பில் வேறு தாள் ஒட்டப்பட்டிருந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். அச்சாகி முடிந்த பிறகு கண்ட பிழையைத் திருத்த, அச்சகமே செய்த மாற்றமாக அது பெரும்பாலும் இருக்கும்.

முகப்புத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழைய கைத்தாளில் சல்லடைக் கம்பிகளின் கோடுகள் தெரியும். ஒரே முறை மடித்த ஃபோலியோவிலும் ஆக்டேவோவிலும் இடைவெளி விட்ட தடித்த கோடுகள் செங்குத்தாக ஓடும். இரண்டு முறை மடித்த குவார்ட்டோவில் கிடையாக ஓடும். கோடே இல்லாத வழவழப்பான தாள் 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் அச்சுக்கு வந்தது. 1680 என்று போட்ட புத்தகத்தின் முகப்பு அப்படிப்பட்ட தாளில் இருந்தால் அது பின்னாளில் செருகிய நகல்.

பல தொகுதிகள் கொண்ட நூலில் ஒவ்வொரு முகப்பையும் தனித்தனியே படியுங்கள். ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இங்கிலாந்துச் சட்டத்துக்கு எழுதிய விளக்கவுரை 4 தொகுதிகளாக 1765 முதல் 1769 வரை வெளிவந்தது. நான்காவது வருமுன்பே முதல் தொகுதி மறுபதிப்பு கண்டுவிட்டது. ஒரே மாதிரி பைண்ட் செய்து, ஒரே மாதிரி முதுகுச் சீட்டு ஒட்டியிருந்தாலும் உள்ளே வெவ்வேறு பதிப்புகள் கலந்திருப்பது இதனால்தான். ராஜத்துரோகம் போன்ற இங்கிலாந்து வழக்குகளைத் திரட்டி, ஹவல் பெயரில் வழங்கும் அரசு வழக்குத் தொகுப்பு (State Trials) 33 தொகுதிகள்; 1828இல் வந்த பெயர், பொருள் அட்டவணை தனி. அட்டவணை இல்லாத தொகுப்பில் ஒரு வழக்கைத் தேடுவது பெரும்பாடு.

கொலை, ராஜத்துரோக வழக்குகளின் துண்டுப்பிரசுரங்களுக்கு வேறு கணக்கு. ஒரே விசாரணையைப் பல அச்சகங்கள் போட்டிபோட்டு வெளியிட்டன. முந்தி வந்ததில் தீர்ப்பே இல்லாமல் போகலாம். தண்டனையும் கடைசி வாக்குமூலமும் பின்னால் வந்ததில் சேர்ந்திருக்கலாம். இங்கே முதற்பதிப்பைவிட முழுமையான பதிப்பையே நான் பரிந்துரைப்பேன். முகப்பின் மேல்மூலையில் மையால் எழுதிய எண்ணும், முதுகில் காய்ந்த பசையும் தெரிந்தால், பல பிரசுரங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதியைப் பிரித்து விற்றிருக்கிறார்கள் என்று பொருள். பிரிக்காத தொகுதி கிடைத்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். எந்த வழக்குகளை யார் சேர்த்து வைத்தார் என்பதும் ஒரு செய்தி.

தோலுக்கு வருவோம். விரலில் செம்பழுப்புத் தூள் ஒட்டினால் அது செந்தூள் நோய். மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், முக்கியமாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் தோல், நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்கிலும் இருந்த கந்தகத்தை உறிஞ்சி அமிலமாகி உதிர்கிறது. எண்ணெயோ மெழுகோ தடவுவது இன்னும் நடக்கும் பெரிய தவறு. கறுத்துப் பிசுபிசுக்குமே தவிர, போன வலு திரும்பாது. தோல் காப்புக்குப் பயன்படும் ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ் பொடியை எத்தனாலில் 1 முதல் 2 சதவீதம் கரைத்து மெல்லிய தூரிகையால் தடவினால் உதிர்வது கட்டுப்படும். சில தோல்கள் இதிலும் கறுக்கும். பின்னட்டை மூலையில் ஒரு துளி வைத்து, உலர்ந்த பிறகு பார்த்துவிட்டுத் தொடருங்கள். முதுகுச் சீட்டைத் தொட வேண்டாம். கைகூசினால், பாலியெஸ்டர் உறை போட்டு வைப்பதே போதும்.

ஓரக் குறிப்புகளை அழிக்காதீர்கள். வக்கீல்கள் அச்சுத் தாள்களுக்கு நடுவே வெற்றுத் தாள் வைத்துக் கட்டச் சொல்லி, பிந்தைய தீர்ப்புகளைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். அப்படியொரு பிரதியை நான் சுத்தமான பிரதிக்கு மேலாக மதிப்பேன். செலோ டேப் ஒட்டிய இடத்தையும் நீங்களே உரிக்காதீர்கள். அச்சும் கூடவே வந்துவிடும்.

புத்தகம் வைக்கும் அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கட்டும். 65ஐத் தாண்டினால் பூஞ்சை வரும்.

நூலக முத்திரை இருந்தால், கழிக்கப்பட்டது என்ற முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். இல்லையெனில் விற்பவரிடம் ஆவணம் கேளுங்கள். மழுப்பினால் அந்த நூலகத்துக்கே எழுதிக் கேட்ட பிறகு வாங்குங்கள். சுரண்டிய முத்திரையும் புற ஊதா ஒளியில் பெரும்பாலும் தெரியும். ரசீதையும் கடிதத்தையும் புத்தகத்துக்குள் செருகாமல் தனி உறையில் வையுங்கள். அமிலத் தாள் படிந்த பக்கத்தில் அதன் அளவுக்கே பழுப்புக் கறை விழும்.