"பரவாயில்ல" என்று சொல்லாதீர்கள்

கிளினிக்கில் "எப்படியம்மா இருக்கிறீங்க?" என்று கேட்டால், மட்டக்களப்பு அம்மாமாரிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பரவாயில்ல மகள், இரிக்கன்." நெரிசலில் வைத்தியர்களான நாங்களும் 'நோய் கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதிவிடுகிறோம். அரசாங்கம் மாதாமாதம் தரும் மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வரிதான் குறுக்கே நிற்கும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நோயின் பெயரைப் பார்க்கவில்லை. உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ ஓரளவுக்கோ தானே பார்த்துக்கொள்ள ஏலாதவரையே அது குறிப்பிடுகிறது. 'ஓரளவுக்கோ' என்பதைக் கவனியுங்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தால்தான் கிடைக்கும் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர்.

முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணை எடுங்கள். விடிய எழும்பினால் விரல்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருக்கும்; அதுவரை தேங்காய் துருவவும் ஏலாது, பொத்தான் பூட்டவும் ஏலாது. பத்து மணிக்குக் கிளினிக்குக்கு நடந்து வரும்போது பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொன்னாலொழிய நான் எழுத முடியாது. ஆகவே 'மூட்டு வலி' என்று நிறுத்தாதீர்கள். எதைச் செய்ய ஏலாது, யார் உதவுகிறார்கள், எப்போதிலிருந்து வேலைக்குப் போகவில்லை என்று சொல்லுங்கள். வீட்டில் உங்களைப் பராமரிப்பவரையும் கூட்டி வாருங்கள். நீங்கள் மறைப்பதை அவர் சொல்லிவிடுவார்!

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் அரச வைத்தியரின் சான்றிதழும் தேவைப்படும். குடும்ப வருமானமும் பார்க்கப்படும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் இந்தக் கொடுப்பனவு மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளருக்கான கொடுப்பனவு தனியானது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் வயல் வேலைக்குப் போவதெப்படி? அப்படிப்பட்ட நோயாளர்கள் அந்தக் கொடுப்பனவைப் பற்றிக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பதிலோடு திரும்பி வராதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும், தமிழிலேயே, கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதைப் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் அந்த அலுவலகம் தீர்மானிக்க வேண்டும்.

கிளினிக் கொப்பி, வார்ட்டில் தந்த நோய் நிர்ணய அட்டை, பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் போட்டோகொப்பி எடுத்து, மாரி வெள்ளம் வருமுன் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.