பாலையில் ஓடும் பஞ்சு

வாசகர் ஒருவர் வீடியோ அனுப்பி, "மழைக்கு வருமே தம்பலப்பூச்சி, அதில் வெள்ளை ரகமா இது?" என்று கேட்டிருந்தார். அரிசோனா பாலை மணலில், எருக்கம்பஞ்சுக்குக் கால் முளைத்ததுபோல் ஏதோ ஓடுகிறது.

தம்பலப்பூச்சிக்கு எட்டுக் கால், இதற்கு ஆறு. வெல்வெட் எறும்பு என்று பெயர், ஆனால் எறும்பும் இல்லை. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும், இதற்கு அப்படி இல்லை. இது இறக்கை இல்லாத பெண் குளவி, டாசிமியூட்டில்லா குளோரியோசா. 1868-ல் இதை விவரித்தவர் ஆன்றி டி சசூர். மொழியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த ஃபெர்டினாண்ட் டி சசூரின் அப்பாதான் அவர்.

இந்தக் குடும்பத்தில் ஆணுக்கு இறக்கை உண்டு, தோற்றமும் பெரும்பாலும் வேறு. அதனால் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் தனித்தனி இனங்களாகப் பெயர் வாங்கிய கதைகள் நிறைய. இப்போது டி.என்.ஏ. பார்த்து ஜோடி சேர்க்கிறார்கள்.

சரி, அந்த வெள்ளை முடி எதற்கு? அதே பாலையில் கிரியோசோட் என்ற புதர் வளர்கிறது. அதன் காய்மேல் வெண்பஞ்சு மூடியிருக்கும். உதிர்ந்து கிடக்கும் காயையும் குளவியையும் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறும். காய்போல் வேடமிட்டுத் தப்பிக்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள்.

யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் வில்சன் குழு 2020-ல் இதைச் சோதித்தது. முடியிலும் காயிலும் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்தால், இரண்டும் ஒத்துப்போகவில்லை. காலக்கணக்கும் இடித்தது. வெள்ளை முடி தோன்றிச் சுமார் 50 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து கிரியோசோட் வட அமெரிக்காவுக்கு வந்து சில பத்தாயிரம் ஆண்டுகள்தான். இல்லாத காயை எப்படிக் காப்பியடிக்க முடியும்?

அப்புறம் உடலின் உள்வெப்பத்தைப் பார்த்தார்கள். ஆரஞ்சு முடி உள்ள உறவினங்களைவிட வெள்ளை முடிக்காரிகளின் உடல் குளுமையாக இருந்தது. முடிக்கு அடியில் இருப்பது கருத்த ஓடு. வெயில் அதைத் தொடுமுன்பே முடி திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆக, அது வேடம் இல்லை, குடை! எனக்கு இதில் அலுக்காத வியப்பு. இனங்களைப் பெயரிட்டு வகைப்படுத்தும் பொறுமையான வேலை இல்லாமல் இந்த வயதுக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது. அந்த வேலைக்குத்தான் நாம் கடைசியாகப் பணம் ஒதுக்குகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

தொடலாமா என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். முட்டையிடும் உறுப்பே பெண்ணுக்குக் கொடுக்காகியிருக்கிறது. நீளமானது, கொட்டினால் வலி கடுமை. பிடித்தால் முதலில் வயிற்று வளையங்களை உரசி, கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள்.